பாதிக்கப்பட்ட மக்களைப் படமெடுப்பது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருடமாகத் தென் மாவட்டங்களில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளிலும் சாதி மோதல் நடந்த ஊர்களிலும் படம் எடுத்து வருகிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இளைஞர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது வருகிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். போனில் கேட்பவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

ஆவணப் புகைப்படம்னா என்ன சார்? பேப்பர்ல வர்ற போட்டோவும் அதுவும் ஒண்ணுதானே?

கேமரா ஒன்றுதான், செலவாகும் காலம்தான் வேறு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்கள் வந்துபோகும் வழியை மறித்து 1989இல் ஒரு சுவர் எழும்பியது. 2008 மே மாதம் அதில் ஒரு பகுதியை அரசு இடித்தது. இடித்த அன்று சுவர் முன்னால் நின்று எடுத்தது செய்திப் படம். அதற்கு முந்தைய 19 வருடம் அந்தச் சுவரோடு வாழ்ந்தவர்களின் அன்றாடம், இடித்த பிறகு இரண்டு தெருவுக்கும் நடுவில் என்ன ஆனது, இதையெல்லாம் போய்ப் போய் எடுப்பது ஆவணப் புகைப்படம்.

செய்திப் படக்காரர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் அன்று போகாவிட்டால் நமக்கு அந்த ஊரே தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் கிளம்பிய பிறகும் அந்த ஜனம் அங்கேதான் இருக்கிறது. நம் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

எந்த கேமரா வாங்கணும்? போன் போதுமா?

போதும். கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். கேமராதான் வேண்டுமென்றால் பழைய கேமரா ஒன்றும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் பல வருடத்துக்குத் தாங்கும்.

பெரிய ஜூம் லென்ஸை மட்டும் இந்த வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். தெருக்கோடியில் நின்று ஒருவர் முகத்தை இழுத்து எடுத்தால் அவருக்கே தெரியாது. நெருங்கிப் போய் எடுக்க உங்களுக்குத் தைரியம் வரவில்லை என்றால் அந்தப் படத்தை எடுக்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

தெரியாத ஊருக்குள்ள முதல் நாள் எப்படிப் போறது? யாரைக் கூட்டிட்டுப் போகணும்?

யாரோடு போய் இறங்குகிறீர்களோ அவருடைய ஆளாகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். விஏஓவோடு போனால் மனு எழுதி எடுத்து வருவார்கள். கட்சிக்காரரோடு போனால் எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். போலீஸ் ஜீப்புக்குப் பின்னால் போனால் கதை அன்றோடு முடிந்தது. அந்தத் தெருவிலேயே ஒருவரைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு டீச்சர், சங்கத்து ஆள், அங்கன்வாடி அம்மா, யாராவது ஒருவர் கிடைப்பார்.

முதல் நாள் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். எதற்கு வந்தேன், யார் அனுப்பினார்கள், நம் சொந்த ஊர் எது என்று கேட்பார்கள். ஊரைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அப்புறம் தண்ணீர் கொடுப்பார்கள். நீங்கள் வாங்கிக் குடிக்கிறீர்களா, பாட்டில் கொண்டு வந்திருக்கிறேன் என்கிறீர்களா என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் பகுதியில் நூறு கேள்விக்குச் சமம் அது. அந்தச் சொம்பை வாங்கிக் குடிக்க முடியாதவர் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

ரோட்டுல நிக்கறவங்களை எடுக்க எதுக்கு பர்மிஷன்? பொது இடம்தானே?

பொது இடத்தில் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் சில படங்களை வெளியிடுவது குற்றம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடக்கூடாது, பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். இறந்துபோனவரின் அடையாளத்தையும் காக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெயரை மாற்றிவிட்டு வீட்டு வாசலையும் அம்மா முகத்தையும் காட்டினால் அதுவும் அடையாளம்தான்.

சட்டம் இவ்வளவுதான். ஆனால் வீடு எரிந்து நடுத்தெருவில் நிற்பவர் அங்கே நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நிற்கவில்லை. அவருக்கு உள்ளே போகக் கதவு இல்லை. பொது இடம் என்ற வாதத்தை அவர் முன்னால் நின்று நம்மால் சொல்ல முடியுமா?

சம்மதம் வாங்கணும்னா பேப்பர்ல கையெழுத்து வாங்கணுமா அண்ணா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

பத்து வருடத்துக்கு முன்னால் நடந்தது. ஒரு அக்கா, நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். காலை நாலரை மணிக்குச் சாக்கடை அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோ தம்பி" என்றார். நாலு மாதம் கழித்து ஒரு வார இதழ் அந்தப் படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டது. கீழே பெயர், ஊர், வேலை எல்லாம் இருந்தது. அவருடைய மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மா ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தான். யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பையன் அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்குப் போகவில்லை. நான் போய் நின்றபோது அக்கா திட்டவில்லை. "நீ எடுத்தது தெரியும்பா. எங்க போடுவேன்னு சொல்லலையே" என்றார்.

என்னிடம் சம்மதம் இருந்தது. ஆனால் அது எடுப்பதற்கான சம்மதம். போடுவதற்கு நான் கேட்கவே இல்லை. இரண்டும் வேறு வேறு. அன்றிலிருந்து நான் இரண்டு தடவை கேட்கிறேன். எடுக்கும்போது ஒரு தடவை. வெளியே கொடுப்பதற்கு முன்னால் அச்சுப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் இன்னொரு தடவை. "இது இந்தப் பத்திரிகையில் வரும், நெட்டில் வரும், உங்க சொந்தக்காரங்க போனுக்கும் வரும், பரவாயில்லையா?" என்று உடைத்துக் கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. காகிதத்தை நீட்டினால் பயப்படுகிறார்கள். அவர்கள் பேச்சிலேயே விளக்கிச் சொல்லி, சரி என்பதை அவர்கள் குரலில் பதிவு செய்துகொள்வது மேல். சிறுவர் என்றால் பெற்றோரையும் கேளுங்கள், அந்தப் பிள்ளையையும் தனியாகக் கேளுங்கள்.

சாவு வீட்டுல, அழுதுட்டு இருக்கறவங்களை எடுக்கலாமா?

கேட்க முடியாத நேரம் அது. அதனால் முதல் நாள் நான் எடுப்பதில்லை. குடும்பமே கூப்பிட்டு "எடுங்க, உலகம் பார்க்கட்டும்" என்று சொன்ன வீடுகளும் உண்டு. அவர்கள் சொன்னால் எடுக்க வேண்டியது கடமை. கண்ணை மூடிக்கொள்வது நாகரிகம் ஆகாது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த மறுநாள்களில் ஒரு குழந்தையின் உடலைப் புதைத்தார்கள். மண்ணுக்குள் முகம் மட்டும் தெரிந்தது. அந்தக் குழந்தையை ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பர்த்தலோமியோவும் எடுத்தார். பர்த்தலோமியோவின் படத்துக்கு உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. போபால் என்றால் இன்றைக்கும் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. அது எடுக்கப்பட்டிருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அது யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாமலேயே உலகம் சுற்றிய படம் அது என்பதும் மனதில் இருக்கட்டும்.

மலக்குழியில் இறந்தவர்களின் வீடுகளில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். முகம் மங்கலாக இருக்கும். தோளில் இன்னொருவர் கை தெரியும். கல்யாண குரூப் போட்டோவில் இருந்து வெட்டியது, அல்லது ரேஷன் கார்டில் இருந்து பெரிதாக்கியது. ஒரு நல்ல படம்கூட இல்லாமல் போனவர்கள் அவர்கள். அழுகிற முகத்தைவிட அந்தத் தோளில் மிச்சமிருக்கும் கை எனக்கு அதிகம் சொல்கிறது.

கஷ்டத்தைக் காட்டினாத்தானே சார் ஜனங்க திரும்பிப் பார்ப்பாங்க?

இந்த நியாயம் மிகவும் பழையது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். சென்னை ராணுவத்தில் அதிகாரியாக இருந்த வில்லோபி ஹூப்பர் எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். இன்றும் அந்தப் படங்கள் கிடைக்கின்றன. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் பர்மியர்களைச் சுட்டுக் கொல்லும்போது, தன் கேமரா தயாராகும் வரை சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து விசாரணை நடந்தது. இரண்டும் ஒரே பார்வையில் இருந்து வந்தவை என்றுதான் நினைக்கிறேன். எதிரே இருப்பவர் அவருக்கு ஒரு காட்சி.

பழைய காலம் என்று தள்ள முடியாது. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைக் கிராமத்தார் முன்னால் மேசை போட்டுப் பொய்ச் சாப்பாட்டை வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஓர் இத்தாலியப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள் 2018இல் வெளியே வந்து பெரிய கண்டனம் எழுந்தது. பசித்தவன் முன்னால் பிளாஸ்டிக் பழம்!

கஷ்டத்தைக் காட்டுங்கள். ஆனால் கஷ்டம் மட்டுமே ஒருவருடைய வாழ்க்கை இல்லை. சாக்கடையில் இறங்கும் அதே ஆள் சாயங்காலம் பேத்திக்குத் தலை சீவி விடுவார். கேரம் போர்டில் கில்லாடியாக இருப்பார். இரண்டையும் எடுத்தால்தான் அவர் ஆளாகத் தெரிவார். யார் அவரைக் குழிக்குள் இறக்கியது என்ற கேள்வியும் அப்போதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும்.

கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றது, போஸ் கொடுக்கச் சொல்றது தப்பா? கருப்பு வெள்ளையா மாத்தலாமா?

உருவப்படம் என்றால் தாராளமாக நிற்கச் சொல்லுங்கள். அது போஸ் என்று பார்ப்பவருக்கே தெரியும். நடக்காத ஒன்றை நடந்த மாதிரி செய்ய வைப்பதுதான் தப்பு. வேலை முடித்துக் கரையேறியவரை இன்னொரு தடவை இறங்கச் சொன்ன ஆள்களை எனக்குத் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை மலக்குழிக்குள் இறக்குவது குற்றம். படத்துக்காக இறக்கினாலும் குற்றம்தான்.

கருப்பு வெள்ளை உங்கள் விருப்பம். ஆனால் சோகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறத்தை எடுக்காதீர்கள். எங்கள் ஊர்க் காலனி வீடுகளின் நீலமும் பச்சையும் அவர்கள் காசு சேர்த்து அடித்த பெயிண்ட்.

பாகுபாடு கண்ணுக்குத் தெரியாதே, அதை எப்படிப் படமா எடுக்கறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மோதலைப் படம் எடுப்பது சுலபம், எரிந்த குடிசையும் உடைந்த பைக்கும் கண்ணெதிரே கிடக்கும். பாகுபாடு அன்றாடத்துக்குள் ஒளிந்திருக்கும். அது எப்போதும் ஏதாவது ஒரு பொருளிலோ இடத்திலோதான் போய்த் தங்குகிறது. டீக்கடையில் சிலருக்கு மட்டும் நீட்டப்படும் காகிதக் கப். ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு, அதற்குப் போகும் வரப்பு. பஸ் உள்ளே வராமல் திரும்பிப் போகும் வளைவு. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் மழையில் இடிந்து தலித் மக்கள் 17 பேரைக் கொன்றதும் ஒரு சுவர்தான். முந்தின நாள் அந்த வழியாகப் போயிருந்தால் நமக்கு அது வெறும் காம்பவுண்ட் சுவர்.

பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிறு இன்னொன்று. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். மணிக்கட்டை மட்டும் எடுத்தால் போதும் என்று தோன்றும். சீருடையும் பின்னால் உள்ள கட்டடமும் எந்தப் பள்ளி என்று காட்டிக்கொடுத்துவிடும், கவனம். இப்படிப்பட்ட படங்களுக்கு அவசரம் உதவாது. ஒரே டீக்கடையில் பத்து நாள் டீ குடித்தால்தான் அந்தக் கப் கண்ணில் படும்.

முகத்தை பிளர் பண்ணிட்டா பாதுகாப்புதானே?

இல்லை. ஊர்க்காரர்கள் சேலையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கையில் பச்சை குத்தியது, வீட்டுத் திண்ணை, மாட்டின் கொம்பு, நின்ற நிலை, எல்லாமே பெயர் சொல்லும். பிளர் செய்த முகத்தை மென்பொருள் வைத்து ஓரளவு மீட்கவும் பார்க்கிறார்கள். எடுத்த பிறகு மறைப்பதைவிட எடுக்கும்போதே மறைத்து எடுங்கள். முதுகுப் பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே நிழலாக, கை மட்டும், பொருள் மட்டும். அப்படி எடுத்தவற்றில்தான் என்னுடைய நல்ல படங்கள் சில இருக்கின்றன.

போனில் எடுத்த படத்துக்குள் இடமும் நேரமும் தானாகப் பதிவாகும். அனுப்புவதற்கு முன்னால் அதை நீக்குங்கள், அல்லது போன் செட்டிங்கில் இடக்குறிப்பை முன்பே அணைத்துவிடுங்கள். மறைக்காத மூலப் படத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அது இருக்கும் லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு இல்லாமல் வெளியே பிளர் செய்து என்ன பயன்?

உதவி பண்ணாம போட்டோ எடுத்துட்டு நின்னீங்களேன்னு கேட்டா என்ன சொல்றது?

முதலில், அப்படி நிற்காதீர்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் உயிர் போகிறது, தூக்க வேறு ஆள் இல்லை என்றால் கேமராவைக் கீழே வையுங்கள்.

எல்லோரும் தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டரைச் சொல்வார்கள். 1993இல் சூடானில் அவர் எடுத்த படம், பசியால் சுருண்ட குழந்தை, பின்னால் காத்திருக்கும் கழுகு. 1994இல் புலிட்சர் பரிசு, அதே வருடம் ஜூலையில் அவர் தற்கொலை. குழந்தையைச் சாகவிட்டார் என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள். கழுகை விரட்டிவிட்டதாக அவர் சொன்னார். 2011இல் ஒரு ஸ்பானிய நாளேடு அந்தக் குடும்பத்தைத் தேடிப்போய்க் கேட்டது. குழந்தை ஓர் ஆண் குழந்தை, அன்று பிழைத்துக்கொண்டது என்றார் தந்தை. அதைத் தெரிந்துகொள்ள 18 வருடம் ஆகியிருக்கிறது. படத்தைப் பார்த்த ஒவ்வொருவரும் அந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாரிடமும் ஒரு பெயரோ குறிப்போ இல்லை. எனக்கு இதில் தெரியும் குறை அதுதான்.

அவங்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

படத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை அந்தத் தெருவுக்குள் நுழைந்தாலே காட்ட வேண்டிய கஷ்டத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை, அதைப் பழக்கியது நாம். ஆனால் ஒருவர் அரை நாள் கூலியை விட்டு உங்களோடு சுற்றினால் அந்தக் கூலியைக் கொடுப்பது நியாயம். படம் விற்றுப் பணம் வந்தால் பங்கு கொடுப்பதும் நியாயம். ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ உதவுகிறீர்கள் என்றால் கேமரா இல்லாத நாளில் செய்யுங்கள்.

நான் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை. எனக்கு எடுக்க உரிமை இருக்கா?

கேட்கிறவரில் பாதிப் பேர் எடுக்காமல் தப்பித்துக்கொள்ள ஒரு காரணம் தேடுகிறார்கள், மீதிப் பேர் உண்மையாகவே தவிக்கிறார்கள். இரண்டாமவருக்குச் சொல்கிறேன்.

உள்ளே இருந்து எடுப்பவருக்குக் கிடைப்பது நமக்குக் கிடைக்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஏர்னஸ்ட் கோல் கறுப்பினத்தவர். நிறவெறி ஆட்சியைத் தினமும் அனுபவித்துக்கொண்டே எடுத்தார். 1966இல் நாட்டை விட்டு வெளியேறி மறு வருடம் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் அதற்குத் தடை. நம் பக்கத்தில் பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற அம்மாவின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய படங்களில் அந்தக் குடும்பங்கள் நம் கண்ணைப் பார்த்துப் பேசுகின்றன. 2022இல் கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமும் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கும் சேர்ந்து தொடங்கிய விருது முதலில் அவருக்குத்தான் போனது. விருதைவிட முக்கியம், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் கேமரா சொல்லிக்கொடுப்பது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியா இளைஞர்கள் 2022 முதல் தாங்களே படம் எடுத்துத் தங்கள் பெயரில் ஓர் இதழ் நடத்துகிறார்கள். 2017இல் ஏழு லட்சம் பேர் எல்லை கடந்து வந்தபோது அவர்களை உலகப் புகைப்படக்காரர்கள் எடுத்தார்கள், இப்போது அவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை எடுக்கிறார்கள்.

ஆக, வெளியாள் செய்ய வேண்டியது இரண்டு. தெரிந்ததை அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, உங்கள் சொந்தத் தெருவின் பக்கம் திரும்புங்கள். பாகுபாட்டைச் செய்கிறவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? அந்த வீடுகளுக்குள் உங்களால் போக முடியும் என்றால், காலனிப் பையனால் எடுக்கவே முடியாத படம் உங்கள் கையில் இருக்கிறது. யாரும் அதை எடுப்பதில்லை.

கலவரம் நடக்கிற இடத்துக்குப் போகலாமா? போலீஸ் கேமராவைப் பிடுங்கினா?

புதிதாக வந்தவர் தனியாகப் போகக் கூடாது. புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி ராய்ட்டர்ஸ் போன்ற பெரிய செய்தி நிறுவனத்தில் இருந்தவர், பல போர்க்களம் பார்த்தவர். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். உங்களுக்கும் எனக்கும் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை.

போக நேர்ந்தால் இரண்டு பேராகப் போங்கள். எங்கே இருக்கிறோம் என்பதை மணிக்கு ஒரு தடவை ஒருவரிடம் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். மெமரி கார்டை அடிக்கடி மாற்றுங்கள். கருவியை எடுத்துக்கொண்டால் சண்டை போடாமல், எழுத்தில் கொடுங்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். ஒரு வக்கீல் நம்பரை மனப்பாடமாக வைத்திருங்கள், போனே கையில் இருக்காது. உங்கள் கார்டில் கல் எறிந்த பையன்களின் முகம் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். அது யார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் ஷட்டரை அழுத்த வேண்டும்.

எல்லாம் முடிஞ்ச பிறகு போனா என்னத்தை எடுக்கறது?

முடிந்ததாக நீங்கள் நினைப்பீர்கள். இலங்கையின் வடக்கில் போர் 2009 மே மாதம் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்து தொடர் போராட்டம் தொடங்கினார்கள், வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. பிள்ளை கிடைக்காமலேயே சில அம்மாக்கள் இறந்துவிட்டார்கள். அவர்கள் கையில் பிடித்திருப்பது புகைப்படம்தான். அங்கே படம் எடுக்கப் போகிறவருக்கு ஒரு வார்த்தை: புலனாய்வுக்காரர்களும் அந்த அம்மாக்களைப் படம் எடுக்கிறார்கள். அதனால் கேமராவைப் பார்த்ததும் "நீங்க ஆர்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

ஆளே இல்லாமலும் எடுக்கலாம். வங்கதேசத்தில் பாதுகாப்புப் படையினர் ஆள்களைக் கொன்றுவிட்டு "துப்பாக்கிச் சண்டையில் செத்தார்" என்று அறிவிப்பது வழக்கமாக இருந்தது. ஷஹிதுல் ஆலம் அந்தக் கொலைகள் நடந்த மாதிரியான இடங்களை மட்டும் எடுத்தார். உடல் இல்லை, ரத்தம் இல்லை. 2010 மார்ச்சில் டாக்காவில் கண்காட்சி தொடங்கவிடாமல் போலீஸ் அரங்கை மூடியது. வெறும் வயலையும் சந்துகளையும் பார்த்துத்தான் அவ்வளவு பயந்தார்கள்.

கேப்ஷன்ல எவ்வளவு எழுதணும்?

பெயர், ஊர், நாள், என்ன நடக்கிறது. பெயர் போடக் கூடாதென்றால் ஏன் போடவில்லை என்று ஒரு வரி. நம் ஊகம் எதுவும் வேண்டாம். "நம்பிக்கை இழந்த கண்கள்" என்று எழுதாதீர்கள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கலாம்.

1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங்கே ஒரு தாயை எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று குறிப்பு எழுதினார். விற்கவே இல்லை என்று மகன் பிற்பாடு மறுத்தார். படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு ஒன்பது டன் உணவு போனது, அந்தக் குடும்பமோ அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது. அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். தனக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். 1984இல் பெஷாவர் அருகே அகதி முகாமில் எடுத்த பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் கதையும் இதேதான். அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரிய 2002 ஆனது. ஒரு நோட்டும் பேனாவும் செய்திருக்க வேண்டிய வேலை.

அன்னைக்குச் சரின்னு சொன்னவங்க அஞ்சு வருஷம் கழிச்சு எடுத்துடச் சொல்றாங்க. என்ன பண்ண?

எடுத்துவிடுங்கள். மேலே சம்மதம் பற்றிச் சொன்னதன் தொடர்ச்சிதான் இது. அன்றைக்கு அவர் வாழ்க்கை வேறு, இன்று மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். வெளியே போனதை முழுக்க அழிக்க முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு படம் என்ன செய்யும் என்று பாருங்கள். 1976 ஜூன் 16, தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ. சுடப்பட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞன் ம்புயிசா மக்குபோ. சாம் நஸிமா எடுத்த அந்தப் படம் நிறவெறியை உலகம் முழுக்கக் காட்டியது. ம்புயிசாவைப் போலீஸ் விடவில்லை. நாட்டை விட்டு ஓடினார். 1978இல் நைஜீரியாவில் இருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு தகவலே இல்லை. படம் தேவைப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கான விலையை ஒரு அம்மா கொடுத்திருக்கிறார்.

இவ்வளவு எடுத்து ஏதாவது மாறுதா?

மெதுவாக, வேறு பலரோடு சேர்ந்து. லூயிஸ் ஹைன் 1908இல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளரை எடுக்கத் தொடங்கினார். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் இன்ஸ்பெக்டர் என்றும் பைபிள் விற்பவர் என்றும் சொல்லிக்கொண்டு போவார். பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தானை வைத்து அளந்து, பாக்கெட்டுக்குள் கைவிட்டுக் குறித்துக்கொள்வார். நிலைத்து நின்ற மத்தியச் சட்டம் வந்தது 1938இல். முப்பது வருடம். படத்தோடு அந்த அளவும் வயதும் இருந்ததால்தான் ஆலை முதலாளிகளால் மறுக்க முடியவில்லை.

இங்கேயும் அப்படித்தான். 1993க்குப் பிறகு மலக்குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் முப்பது லட்சமாக உயர்த்தியது. அவர் அந்தக் குழியில்தான் இறந்தார் என்று காட்ட ஆதாரம் இல்லாமல் அலையும் குடும்பங்கள் உண்டு. அன்று யாராவது தேதியோடு எடுத்த ஒரு சாதாரணப் படம் அந்த இடத்தில் பெரிய துணை. அதனால் அழகாக வராத படங்களையும் அழிக்காதீர்கள்.

படம் எடுத்துட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சு. மறுபடி அந்த வீட்டுக்குப் போகவே சங்கடமா இருக்கு அண்ணே.

எனக்கும் இருந்தது. முன்னால் சொன்னேனே, அந்த அக்கா வீடு, அங்கே மறுபடி போக ஏழு மாதம் ஆனது. பையனை வேறு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். காபி கொடுத்தார். கிளம்பும்போது, "வேலைச் சட்டை இல்லாம எங்களை ஒரு போட்டோ எடுத்துக் குடுப்பா" என்றார். மஞ்சள் சேலை கட்டி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பையன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று நின்றான், அப்புறம் அவனாகவே வந்து அம்மா தோளில் கை வைத்தான். அடுத்த வாரம் பெரிய அளவில் பிரேம் போட்டு எடுத்துப் போனேன். டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அச்சுப் போட்ட கையோடு மெமரி கார்டையும் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.